குடோன் ஒரு வாரம் காலி, மறு வாரம் குவியல்: எங்கே தவறு?

கேள்வி:
ஒரு குடோனிலிருந்து 8 கடைகளுக்குச் சரக்கு அனுப்புகிறோம். ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 விற்கும். இருப்பு குறைந்தால் கடைக்காரர்கள் 60 கேட்பார்கள், 2 நாளில் போய்விடும். குடோன் இருப்பு 600க்குக் கீழே போனதும் சப்ளையருக்கு ஆர்டர் போடுவேன், வர 14 நாள். ஒரு வாரம் யாருமே கேட்க மாட்டார்கள். அப்புறம் இரண்டே நாளில் எல்லோரும் கேட்பார்கள். 600ஐ 800 ஆக்கினேன். இப்போது இடம் போதவில்லை, ஆனாலும் தட்டுப்பாடு தீரவில்லை. விற்பனை சீராகத்தானே இருக்கிறது?

பதில்:
விற்பனை சீர்தான், ஆர்டர்தான் சீரில்லை. 14 நாளில் விற்பது 560. ஆனால் 12 நாளுக்கு ஒருமுறை 60 வாங்கும் கடை, அந்த 14 நாளில் ஒரு தடவையும் கேட்கலாம், இரண்டு தடவையும் கேட்கலாம். 8 கடைக்கும் சேர்த்து 480 முதல் 960 வரை போகும். கடை இருப்பு உங்களுக்குத் தெரியுமா?

கேட்டவர்:
பில்லிங் மென்பொருளில் தினமும் மாலை வந்துவிடும். ஆர்டர் போடும்போது அதைப் பார்ப்பதில்லை. இன்னொன்று, தட்டுப்பாடு வந்ததிலிருந்து இரண்டு கடைக்காரர்கள் 120 கேட்கிறார்கள்.

பதில்:
கிடைக்காது என்ற பயத்தில் கூட்டிக் கேட்கிறார்கள். அதைத் தேவை என்று எண்ணி நீங்களும் கூட்டினால் குவியல்தான். முந்திக் கேட்டவருக்கு முழுதாகக் கொடுக்காமல், யாரிடம் எத்தனை நாளுக்கான சரக்கு இருக்கிறது என்று பார்த்துப் பிரியுங்கள். 60ஐ 30 ஆக்க முடிந்தால் இன்னும் நல்லது.

முக்கியமானது இது: குடோன் இருப்பை மட்டும் பார்த்து ஆர்டர் போடாதீர்கள். குடோன், வண்டியில் போவது, கடைகளில் இருப்பது, சப்ளையரிடமிருந்து வர வேண்டியது எல்லாவற்றையும் கூட்டுங்கள். வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியைக் கழியுங்கள். 1960இல் கிளார்க், ஸ்கார்ஃப் இருவரும் பல அடுக்குச் சரக்கு இருப்பு பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையின் அடிப்படையே இந்தக் கூட்டு இருப்புதான்.

கூட்டு இருப்பு எவ்வளவுக்கு வரும்போது ஆர்டர் போடுவது: 14 + 2 = 16 நாள், நாளுக்கு 40, ஆக 640. ஒரு கடையின் தினசரித் திட்டவிலக்கம் (விற்பனை சராசரியிலிருந்து வழக்கமாக ஏறி இறங்கும் அளவு) 3 என்றால், 8 கடைக்குச் சேர்த்து 3 × √8 = 8.5, 16 நாளுக்கு 8.5 × √16 = 34. 95 சதவீதப் பாதுகாப்புக்கு 1.65ஆல் பெருக்கினால் 56. மொத்தம் சுமார் 700. கடைக்குக் கடை தனியாகப் பாதுகாப்பு வைத்தால் 56க்குப் பதில் 158 வேண்டும். ஆனால் எல்லாக் கடையிலும் ஒரே நேரத்தில் விற்பனை ஏறும் பொருளானால் இந்த மிச்சம் கிடைக்காது.

கேட்டவர்:
இப்போதே கூட்டினேன். குடோனில் 740, வண்டியில் 120, கடைகளில் 330, பாக்கி எதுவும் இல்லை. மொத்தம் 1190! 800க்குக் கீழே வந்துவிட்டதே என்று நாளை ஆர்டர் போட இருந்தேன். ஒரு கடையில் மட்டும் 95 கிடக்கிறது, இன்னொன்றில் 12தான்.

பதில்:
ஆர்டரை நிறுத்துங்கள், 700க்கு வர இன்னும் 12 நாள் இருக்கிறது. அந்த 12 உள்ள கடைக்கு இன்றே அனுப்பிவிடுங்கள்.