'ஃபாரஸ்ட் கம்ப்' உண்மையிலேயே அவ்வளவு பெரிய படமா?

கேள்வி: மறுபார்வை

சென்ற வாரம் 'ஃபாரஸ்ட் கம்ப்' படத்தை ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் பார்த்தேன். முதன்முறை பார்த்தபோது அழுதிருக்கிறேன். இம்முறையும், தனக்கு ஒரு மகன் இருக்கிறான் என்று தெரிந்ததும், அவன் அறிவுள்ளவனா அல்லது தன்னைப் போன்றவனா என்று கேட்க வாயெடுத்து, கேள்வியை முடிக்க முடியாமல் டாம் ஹாங்க்ஸ் தவிக்கும் இடத்தில் கண் கலங்கத்தான் செய்தது. அந்த நடிப்பைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை.

ஆனால் படம் முடிந்த பிறகு என்னை உறங்கவிடாமல் செய்தது வேறொரு காட்சி. வியட்நாமிலிருந்து திரும்பிய ஃபாரஸ்ட், வாஷிங்டனில் லிங்கன் நினைவிடத்தின் முன்னால் திரண்டிருக்கும் போர் எதிர்ப்புக் கூட்டத்தில் பேச மேடையேற்றப்படுகிறான். போரை நேரில் கண்டவன், தன் உயிர் நண்பனை அங்கே மடியில் கிடத்திப் பறிகொடுத்தவன், பொய் பேசவே தெரியாதவன். அவன் வாய் திறக்கும் நேரத்தில் சீருடை அணிந்த ஒருவர் ஒலிபெருக்கியின் இணைப்புகளைப் பிடுங்கிவிடுகிறார். அவன் உதடுகள் அசைகின்றன, எதுவும் கேட்கவில்லை. இணைப்பு மீண்டும் கிடைக்கும்போது பேச்சு முடிந்துவிட்டது. பக்கத்தில் நின்று கேட்டவர் மட்டும் நெகிழ்ந்துபோய்ப் பாராட்டுகிறார். அந்தப் போரைப் பற்றித் தன் கருத்து என்ன என்று படம் சொல்லியாக வேண்டிய இடம் அது ஒன்றுதான். அந்த இடத்தில் படமே தன் வாயைப் பொத்திக்கொள்கிறது.

இதைக் கவனித்த பிறகு மற்றவையும் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. சொன்னதைச் செய்து, எதையும் கேள்வி கேட்காமல் ஓடிக்கொண்டிருப்பவனுக்கு வீரப் பதக்கமும், இறால் படகுத் தொழிலும், ஆப்பிள் நிறுவனப் பங்குகளும் வந்து குவிகின்றன. தந்தையின் கொடுமையிலிருந்து தப்பி, பாடவும் போராடவும் முயன்ற, ஃபாரஸ்டின் சிறுவயதுத் தோழி ஜென்னிக்குக் கிடைப்பவையோ அடி, போதை, பெயர் சொல்லப்படாத ஒரு நோய், சாவு. 1994ஆம் ஆண்டின் சிறந்த படம் என்பது உட்பட ஆறு ஆஸ்கர் விருதுகளைப் பெற்ற இந்தப் படத்தை, ஒரு காலத்தின் மனசாட்சி என்று சிலர் எழுதும்போது என்னால் ஏற்க முடியவில்லை.

உங்களுக்கும் இப்படி ஏதேனும் புகழ்பெற்ற படம் மனத்தை உறுத்தியிருந்தால் எழுதுங்கள். 'சலிப்பாக இருந்தது' என்பதோடு நிறுத்தாமல், எந்த இடத்தில் அந்தப் படம் உங்கள் நம்பிக்கையை இழந்தது என்று காட்சியைச் சுட்டிக் காட்டினால், நானும் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு உங்களோடு பேச முடியும்.

மறுமொழி: வெட்டுமேசை

நண்பரே, படத்தொகுப்புத் தொழிலில் இருப்பவன் என்பதால் என் எடுத்துக்காட்டும் அந்தப் பக்கத்திலிருந்தே வருகிறது: 'சேவிங் பிரைவேட் ரயன்', 1998.

இரண்டாம் உலகப் போரில் பிரான்சின் ஓமாஹா கடற்கரையில் அமெரிக்கப் படைகள் இறங்கும் தொடக்கப் பகுதியைக் குறை சொல்ல என் தொழிலில் ஒருவரும் துணியமாட்டார்கள். ஒளிப்பதிவாளர் யானுஸ் கமின்ஸ்கி ஷட்டர் கோணத்தைக் குறைத்து (ஒவ்வொரு சட்டகமும் ஒளி வாங்கும் நேரம் அதனால் சுருங்கும்), லென்ஸ்களின் மேற்பூச்சை நீக்கிப் படம்பிடித்திருக்கிறார். அதனால் அசைவுகள் மங்காமல் வெட்டி வெட்டித் தெரிகின்றன, தெறிக்கும் மண்ணில் ஒவ்வொரு துகளும் தனியாக நிற்கிறது. நீருக்குள் தலை மூழ்கும்போது ஒலி அடங்கி, மேலே வந்ததும் மறுபடி அறைகிறது. அதை நான் எத்தனை முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு சிறு முகப்பு இருப்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். நார்மண்டியின் போர்க்கல்லறையில் ஒரு முதியவர் சிலுவைகளுக்கிடையே நடந்து வந்து மண்டியிடுகிறார். கேமரா அவர் கண்களை மெல்ல நெருங்குகிறது. அங்கிருந்து வெட்டினால் ஓமாஹா. முகத்தை நெருங்கிவிட்டு வேறொரு காலத்துக்கு வெட்டினால், இனி வருவது இவருடைய நினைவு என்றுதான் உலகில் எந்தப் பார்வையாளரும் எடுத்துக்கொள்வார். எங்கள் தொழிலின் இலக்கணத்தில் முதல் பாடமே அதுதான். கடைசியில் அந்த முதியவர், ஒரு சிறு படை படம் முழுக்கத் தேடிப் போகும் ரயன்தான் என்று தெரிகிறது. ரயனோ ஓமாஹாவில் இறங்கியவர் அல்லர். பாராசூட்டில் வேறிடத்தில் குதித்தவர். கடற்கரையில் நடந்த எதையும், தம்மைத் தேடி வந்த வழியில் அந்த வீரர்கள் பட்ட பாட்டையும் அவர் கண்ணால் கண்டதே இல்லை. முதியவர் யார் என்பதைக் கடைசிவரை மறைத்து வைப்பதற்காக, பார்வையாளருக்குக் கொடுத்த வாக்கையே படம் மீறுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வழியில் பிடிபட்ட ஒரு ஜெர்மன் கைதியைக் கொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். நல்ல எழுத்தாளர் கையில் அந்தக் கருணை ஒரு பெரும் கேள்வியாக வளர்ந்திருக்கும். இங்கே அதே கைதி திரும்பி வந்து, தனக்கு உயிர்ப்பிச்சை அளித்த தளபதியையே சுடுகிறான். பிறகு, அவனைக் காப்பாற்ற வாதாடிய வீரனே அவனைச் சுட்டுக் கொல்கிறான். இரக்கம் காட்டியது தவறு என்றுதானே இதற்குப் பொருள்? முதல் பகுதி போரை எவ்வளவு நேர்மையாகக் காட்டியதோ, அவ்வளவு தூரம் இந்தக் கணக்குத் தீர்ப்பு அந்த நேர்மையிலிருந்து விலகி நிற்கிறது.

சிறந்த பட விருது இதற்குக் கிடைக்காமல் 'ஷேக்ஸ்பியர் இன் லவ்' படத்துக்குப் போனது என்ற ஆதங்கமே இதன் மதிப்பை மேலும் உயர்த்திவிட்டது என்றும் நினைக்கிறேன். அநியாயமாகத் தோற்றதாக நாம் நம்பும் படத்தின் குறைகளைப் பேச நமக்கு மனம் வருவதில்லை.

மறுமொழி: சாளரம்

நான் சொல்லப்போவது பலருக்குப் பிடிக்காது என்று தெரியும். 'சிட்டிசன் கேன்'. மூன்று முறை முயன்று மூன்று முறையும் முழுமையாகப் பார்த்தேன். 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் பத்தாண்டுக்கு ஒருமுறை நடத்தும் வாக்கெடுப்பில் 1962 முதல் 2002 வரை தொடர்ந்து ஐந்து முறை முதலிடம் பெற்ற படம் என்பதால், குறை என்னிடம்தான் இருக்க வேண்டும் என்று நம்பியே ஒவ்வொரு முறையும் உட்கார்ந்தேன். கேனின் திறமை தெரிகிறது, செல்வம் தெரிகிறது, தனிமை தெரிகிறது. அவனுக்காக ஒரு கணமும் என் நெஞ்சு துடிக்கவில்லை. இறக்கும்போது அவன் உச்சரித்த சொல்லின் பொருள் ஒரு சறுக்குப்பலகை என்று தெரிந்தபோது, ஒரு விடுகதைக்கு விடை கிடைத்தது போல இருந்ததே தவிர, ஒரு வாழ்க்கை புரிந்தது போல இல்லை. காட்சியைச் சுட்டச் சொன்னீர்கள். என் பதில் அந்தக் கடைசிக் காட்சிதான்.

மறுமொழி: கடைசி வரிசை

சாளரம் அவர்களுக்கு: அந்தச் சறுக்குப்பலகை முதலில் வரும் காட்சியை மட்டும், பட்டியல்களையெல்லாம் மறந்துவிட்டு, இன்னொரு முறை பார்க்க வேண்டுகிறேன்.

சிறுவன் கேன் வெளியே பனியில் விளையாடிக்கொண்டிருக்கிறான். கேமரா பின்னோக்கி வந்து ஜன்னல் வழியாக வீட்டுக்குள் நுழைந்து, மேசைவரை வருகிறது. மேசையில் தாய், மகனை வங்கிக்காரரின் பொறுப்பில் ஒப்படைக்கும் தாள்களில் கையெழுத்திடப் போகிறாள். நடுவில் தந்தை நின்று மறுப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறார். யாரும் அவரைப் பொருட்படுத்தவில்லை. பின்னால், மிகத் தொலைவில், ஜன்னல் சட்டத்துக்குள் ஒரு கையளவு உருவமாகப் பையன் கத்திக்கொண்டே விளையாடுகிறான். கிரெக் டோலண்டின் ஒளிப்பதிவில் மூன்று தளங்களும் ஒரே கூர்மையோடு தெரிகின்றன. தன் தலையெழுத்து மாறுவது தெரியாமல் ஆடும் குழந்தையும், அதை மாற்றும் பேனாவும் ஒரே சட்டகத்துக்குள் இருக்கின்றன. தந்தை போய் அந்த ஜன்னலைச் சாத்துகிறார். பையனின் குரல் அறுந்துபோகிறது. தாய் எழுந்து வந்து ஜன்னலை மறுபடி திறக்கிறாள். முகத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாத அந்தத் தாய் ஜன்னலைத் திறந்துவிட்டு நிற்கும் நேரத்தில் என் நெஞ்சு ஒவ்வொரு முறையும் கனத்துவிடுகிறது. கடைசியில் நெருப்பில் எரிவது இந்த ஜன்னலுக்கு வெளியே விட்டுவந்த பொருள். விடுகதைக்கு விடையாக மட்டும் அதை எடுத்துக்கொண்டால் ஏமாற்றம்தான் வரும். அந்த அளவில் உங்கள் குறையில் நியாயம் இருக்கிறது.

பட்டியல்கள் செய்யும் தீங்கு இதுதான். ஒரு படத்தை 'உலகின் முதல் படம்' என்று சொல்லி ஒருவரை உட்கார வைத்தால், அவர் படத்தைப் பார்ப்பதில்லை, அந்த இடத்துக்கு அது தகுமா என்பதை மட்டுமே பார்க்கிறார். அந்த இடமும் நிலையானதன்று. 1952இல் நடந்த முதல் வாக்கெடுப்பில் முதலில் வந்தது, அப்போது நான்கே வயதான 'பைசைக்கிள் தீவ்ஸ்'. 2012இல் 'வெர்டிகோ'. 1958இல் வெளிவந்தபோது கலவையான வரவேற்பையே பெற்று, பின்னர் பல ஆண்டுகள் யாரும் பார்க்க முடியாமல் முடங்கிக் கிடந்த படம் அது. 2022இல் ஷாந்தால் அகர்மானின் 'ஜான் டீல்மான்'.

புகழ் வரும் வழிகளும் விந்தையானவை. 1946இல் வந்த 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' வெளியானபோது வசூலில் ஏமாற்றம் தந்த படம். 1974இல் அதன் பதிப்புரிமை புதுப்பிக்கப்படாமல் போனதால், அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்கள் கிறிஸ்துமஸ் காலங்களில் அதைத் தடையின்றி மீண்டும் மீண்டும் ஒளிபரப்பின. ஒரு தலைமுறைக்கே அது குடும்பப் படமாகிவிட்டது. படம் நல்ல படம்தான். ஆனால் உரிமத்தை யாரோ நினைவாகப் புதுப்பித்திருந்தால் இன்று நாம் அதன் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்போமா?

மறுபார்வை அவர்களே, உங்களிடமும் ஒரு மறுப்பு உண்டு. ஃபாரஸ்ட் பேசுவது நமக்குக் கேட்காமல் போவதை இயக்குநரின் கோழைத்தனமாக ஏன் கொள்ள வேண்டும்? போரைப் பற்றி எளிய மனிதன் சொல்வதை அதிகாரம் யாருக்கும் கேட்கவிடாது என்பதைத்தான் அந்தப் பிடுங்கப்பட்ட இணைப்பு காட்டுகிறது என்றும் கொள்ளலாமே.

மறுமொழி: நூலகத் திண்ணை

இதுவரை பேசிய படங்களில் குறை ஏதோ ஓர் இடத்தில் இருக்கிறது. 'கான் வித் த விண்ட்' படத்தில் குறை அதன் பார்வையிலேயே இருக்கிறது. அதனால்தான் அதைச் சுட்டுவது கடினம்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது அட்லாண்டா ரயில் நிலையத்தில் மருத்துவரைத் தேடி நாயகி ஸ்கார்லெட் நடக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கேமரா உயர உயர, தரையில் கிடக்கும் காயம்பட்ட வீரர்களின் எண்ணிக்கை பெருகிக்கொண்டே போகிறது. அவள் அவர்களுக்கிடையே ஒரு புள்ளியாகிவிடுகிறாள். 1939இல் அப்படி ஒரு ஷாட் எடுத்தது வியப்புக்குரியது. ஆனால் அந்த ஷாட் எங்கே போய் முடிகிறது? கிழிந்து பறக்கும் தென்மாநிலக் கூட்டமைப்பின் கொடியில். அடிமை முறையைக் காப்பாற்றப் போரிட்ட ஓர் அரசின் கொடிக்காக நம்மைக் கலங்கச் சொல்கிறது படம். அந்தக் கொடியின்கீழ் விற்கப்பட்ட மனிதர்களோ, இதே படத்தில் எஜமானர்களின் துயரத்துக்காக அழும் வேலைக்காரர்களாக மட்டுமே வருகிறார்கள்.

'மாமி' என்று அழைக்கப்படும் பணிப்பெண் பாத்திரத்தில் நடித்த ஹாட்டி மெக்டேனியல் ஆஸ்கர் வென்ற முதல் கறுப்பினக் கலைஞர். அட்லாண்டாவில் நடந்த முதல் காட்சிக்கு அவரால் போக முடியவில்லை, அங்கிருந்த நிறப்பிரிவினைச் சட்டங்கள் அப்படி. விருது விழாவில்கூடப் படக்குழுவினரோடு அமரவிடாமல், சுவரோரம் தனி மேசையில் உட்கார வைத்தார்கள். இந்தப் படத்தை யாரும் பார்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன், இனியும் பார்ப்பேன். ஆனால் 'காலத்தை வென்ற காதல் காவியம்' என்ற அடைமொழியோடு அதை அறிமுகப்படுத்தும் ஒவ்வொரு முறையும், அந்தத் தனி மேசை என் நினைவுக்கு வருகிறது.

மறுபார்வை:

அனைவருக்கும் நன்றி. வெட்டுமேசை அவர்கள் சொன்ன பிறகு 'ரயன்' படத்தின் முகப்பை மட்டும் போட்டுப் பார்த்தேன். அந்தக் கண்களிலிருந்து கடற்கரைக்கு வெட்டும் இடத்தை இனி என்னால் பழையபடி பார்க்க முடியாது. அந்தக் கைதியின் விஷயத்தில் மட்டும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. சுட்டவனின் முகத்தில் வெற்றி எதுவும் தெரியவில்லை. கருணையைத் தவறு என்று படம் சொல்கிறதா, அல்லது போர் அவனையும் கொலைகாரனாக்கிவிட்டது என்று சொல்கிறதா என்பதில் இரு வாசிப்புக்கும் இடமிருக்கிறது.

கடைசி வரிசை அவர்களின் மறுப்பை இரண்டு நாள் யோசித்தேன். படம் முழுவதும் ஃபாரஸ்டின் குரல் நமக்கு மறுக்கப்பட்டிருந்தால் உங்கள் வாசிப்பை ஏற்றிருப்பேன். ஆனால் மூன்றில் இரண்டு பங்குப் படத்தை அவன்தான் பேருந்து நிறுத்தத்தில் அமர்ந்து நமக்குச் சொல்கிறான். தன் பேச்சையும் அவனே அந்த இருக்கையில் இருந்தபடி நமக்குச் சொல்லியிருக்க முடியும். ஜென்னியின் கல்லறை முன்னால் நின்று, மனிதர்களுக்கு விதி என்று ஒன்று உண்டா அல்லது காற்றில் அலையும் இறகா நாம் என்று அவன் பேசும் சொற்கள் ஒன்றுவிடாமல் நமக்குக் கேட்கின்றன. அங்கே அவன் வந்து சேரும் விடை, இரண்டுமே உண்மையாக இருக்கலாம் என்பது. யாரையும் நோகச் செய்யாத விடை என்பதால் அங்கே ஒலிபெருக்கியின் இணைப்பை யாரும் பிடுங்கவில்லை.

சாளரம் அவர்களே, ஞாயிறு மாலை அந்தப் பனிக்காட்சியை மட்டும் பார்க்கப்போகிறேன். நீங்களும் பார்த்தால், தாய் ஜன்னலைத் திறந்தபோது உங்களுக்கு என்ன தோன்றியது என்று இங்கே எழுதுங்கள்.