பிளாக்ஹீத் பாறைகளைப் பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். போன சனிக்கிழமை சிட்னியிலிருந்து புளூ மவுன்டன்ஸ் மலைப்பகுதியில் இருக்கும் பிளாக்ஹீத் ஊருக்குப் போயிருந்தோம். பெர்ரிஸ் லுக்டவுன் என்ற மலைவிளிம்பிலிருந்து கீழே பள்ளத்தாக்கில் இருக்கும் புளூ கம் காட்டுக்கு இறங்குவதுதான் திட்டம். வழியில் ‘விண்ட் இரோடட் கேவ்’ (காற்று அரித்த குகை) என்ற பலகை கண்ணில் பட்டது. பத்து நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று வண்டியைத் திருப்பினோம். அங்கேயே மூன்று மணி நேரம் போய்விட்டது! புளூ கம் அடுத்த முறைக்கு.

குகை என்றதும் இருட்டுப் பொந்து என்று நினைக்க வேண்டாம். மணற்பாறை அடியில் குடைந்துபோய், முன்பக்கம் திறந்த தாழ்வாரம் மாதிரி இருக்கிறது. சுவரில் தேன்கூடு போலக் குழிகள். பெயரில் காற்று இருந்தாலும், பாறைக்குள் ஊறும் உப்பு படிகமாகி மணலை உதிர்ப்பதும் இதற்குக் காரணம் என்று படித்திருக்கிறேன். என் குழப்பம் வேறு: குழிகளுக்கு நடுவே கரும்பழுப்பில், முறுக்குப் பிழிந்தது போல வரிவரியாகப் புடைத்திருக்கிறதே, அது இரும்புக்கல்லா? அது மட்டும் ஏன் உதிராமல் நிற்கிறது?

லித்கோ ஊர்ப் பக்கத்துப் பகோடா பாறைகளிலும் (கோபுரம் மாதிரி அடுக்கடுக்காக நிற்பவை; தின்னும் பக்கோடா இல்லை!) இதே வரிகள் உண்டாமே. முழங்கால் வலியுள்ள அம்மாவைக் கூட்டிப்போக, ஏணியும் ஏற்றமும் இல்லாத நடைபாதை அங்கே ஏதாவது இருக்கிறதா?

அப்புறம், காட்டுக்குள் சிக்னல் சுத்தமாக இல்லை. பிளாக்ஹீத் பூங்கா அலுவலகத்தில் அவசர பீக்கனை (ஆபத்தில் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் சின்னக் கருவி) இலவசமாக இரவல் தருகிறார்கள். வாங்கிய அனுபவம் உள்ளவர்கள், முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டுமா என்று சொல்லுங்களேன்.