புதுப்பிப்பு: பாம்பன் அலுவலகத்தில் உப்புப் பூத்த சுவர், என்ன செய்தோம்

போன மாசியில் கேட்டிருந்தேன்: கடலை ஒட்டிய எங்கள் மீன் வியாபார அலுவலகத்தில் பெயிண்ட் பொரிந்து கணக்கு நோட்டில் கொட்டுகிறது, மதியம் வெக்கையில் உள்ளே உட்கார முடியவில்லை, என்ன வழி என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வேலை முடிந்து ஒரு மழைக்காலமும் தாண்டியாயிற்று.

சுவருக்குக் கைகொடுத்தது, பதில் சொன்னவர்களில் தொண்டி அண்ணன் சொன்ன சுண்ணாம்புப் பூச்சுதான். முன்பு சிமெண்ட் பூசி, ஈரம் தடுக்கும் பெயிண்ட் அடித்திருந்தோம். பாளம் பாளமாக உரிந்தது. சுவருக்குள் இருக்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், ஈரம் வெளியேற வழியில்லாமல் அடைத்தால் பூச்சையே தள்ளிவிடும் என்றார் அண்ணன். அதனால் செங்கல் தெரியும்வரை கொத்தி, உப்பை உலர்ந்த பிரஷால் தேய்த்தெடுத்தோம். தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். அப்புறம் சுண்ணாம்பு. காய நாளாகும், கொத்தனார் முணுமுணுப்பார், கண்டுகொள்ள வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகும் உரியவில்லை. ஒரு மூலையில் மட்டும் லேசாக வெள்ளை பூத்தது, துடைத்துவிட்டேன்.

மொட்டைமாடிக்கு வெள்ளைக் குளிர்ச்சிப் பெயிண்ட் அடித்தோம். பரவாயில்லை.

எதிர்பாராதது இரண்டு. மேற்கு ஜன்னலோர மேஜைகளைக் கிழக்கே நகர்த்தியதில்தான் எல்லோருக்கும் நிம்மதி, அதற்குக் காசே ஆகவில்லை! இன்னொன்று, வெளியே போட்ட 304 ரகத் துருப்பிடிக்காத ஸ்டீல் (ஸ்டெயின்லெஸ்) ஸ்குரூக்களும் துருக்கறை பிடித்துவிட்டன. கடலோரம் என்றால் உப்புக்காற்றை இன்னும் நன்றாகத் தாங்கும் 316 ரகம் கேட்டு வாங்குங்கள்.