அகாத்தெனாங்கோ எரிமலை: பாதி வழி ஜீப்பில் போனால் முழங்கால் தப்புமா?

டொராண்டோ_கார்த்தி

வணக்கம். ஜனவரி கடைசியில் நானும் மனைவியும் குவாத்தமாலா போகிறோம். ஆன்டிகுவாவில் தங்கி, அகாத்தெனாங்கோ மலையில் ஒரு ராத்திரி கேம்ப் போட்டு, எதிரே ஃபுவேகோ எரிமலை நெருப்பு கக்குவதைப் பார்க்க வேண்டும் என்பது பல வருஷத்து ஆசை. மனைவிக்கு வலது முழங்காலில் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆகியிருக்கிறது. ஏறுவதில் பெரிதாகத் தொந்தரவு இல்லை, இறங்கும்போதுதான் வலி.

டூர்காரர் வாட்ஸ்அப்பில், "ஃபோர் பை ஃபோர் வண்டி இருக்கிறது, கேம்ப் வரை கவலையே வேண்டாம்" என்கிறார். போய் வந்தவர்களோ வண்டியை விட்டு இறங்கியபின் ரொம்ப நேரம் நடந்ததாக எழுதியிருக்கிறார்கள். எதை நம்புவது? விமானம் இறங்கிய மறுநாளே டூர் வைத்திருக்கிறேன், அது சரியா? கூட வரும் மச்சான் வேறு, "கம்பெனி எதற்கு, ஒரு ஜீப்பை வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டிப் போகலாம்" என்று நிற்கிறார்.

மலையேறி_மீனா

கேம்ப் வாசலில் யாரும் இறக்கிவிட மாட்டார்கள், தம்பி. நடைப்பாதை தொடங்குகிற லா சொலெடாட் கிராமம் ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரம். கேம்ப்கள் 3,500, 3,600 மீட்டர் வாக்கில் இருக்கின்றன. முழுக்க நடந்தால் நாலிலிருந்து ஆறு மணி நேரம் பிடிக்கும். வண்டி அதில் பெரும்பகுதியை மிச்சப்படுத்தும், ஆனாலும் கடைசியில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை நடை உண்டு. கேம்ப் எங்கே இருக்கிறது, அன்றைக்குப் பாதை எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து இது கூடும், குறையும்.

ஜீப் என்றதும் மெத்தை சீட்டை நினைக்காதீர்கள். பெரும்பாலும் திறந்த பிக்கப். பின்னால் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கணும். சோளக்கொல்லைகளுக்கு நடுவே மண் தடம், மழைத்தண்ணீர் அறுத்த பள்ளம். டிரைவர் லோ கியரில் போட்டு உறுமிக்கொண்டே ஏற்றுவார். முன்னால் ஒரு வண்டி போனால் கறுப்புச் சாம்பல் பல்லிடுக்கில் நறநறக்கும். மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ள ஒரு துணி கட்டாயம் வேணும். குலுக்கலில் முழங்காலை விறைப்பாக வைத்து நின்றால் அதுவே வலி தரும். முன் சீட்டை மனைவிக்கு இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஆனால் உங்கள் கேள்வியே திசை மாறி நிற்கிறது. வலி இறங்கும்போது என்றால் ஏற்றி விடும் வண்டியால் என்ன பிரயோஜனம்? மறுநாள் காலை அந்த மண்ணில் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்கணும். பாதை முழுக்க உருண்டோடும் பொடிக்கல். காலை வைத்தால் ஒரு சாண் வழுக்கித்தான் நிற்கும். மற்ற எல்லாருக்கும் ஏற்றம்தான் எமன், உங்கள் வீட்டுக்கு இறக்கம். அதனால் டூர்காரரிடம், "இறங்கும்போதும் வண்டி உண்டா? எந்த இடத்திலிருந்து? மழை பெய்தால் எதுவரை?" என்று மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். பணம் ஒரு வழிக்குத்தான் இருக்கிறதென்றால் இறக்கத்துக்கு எடுங்கள்.

வாடைக்காற்று

அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்ப்பவன் என்பதால் உயரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஆன்டிகுவா 1,500 மீட்டர் சொச்சம். அன்றிரவே 3,600-ல் தூங்கப் போகிறீர்கள். 3,000 மீட்டருக்கு மேலே, தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம் என்பதுதான் பொதுவான மருத்துவ அறிவுரை. நடந்து ஏறுகிறவருக்கு உடம்பு பழக அந்த ஐந்தாறு மணி நேரமாவது கிடைக்கிறது. வண்டியில் போகிறவருக்கு அதுவும் கிடையாது. ஜீப் காலைக் காப்பாற்றும், தலைவலியைக் கூடவே கூட்டி வரும்.

மறுநாளே டூர் வேண்டாம். நாலைந்து நாள் தள்ளிப் போடுங்கள். உயரத்தில் காற்று மெலிவதால் வரும் மலைநோய்க்கான அசிட்டசோலமைடு மாத்திரை பற்றி ஊரிலேயே டாக்டரைக் கேளுங்கள். வழக்கமாக ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்குவது. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்லணும். மேலே போனபின் தலைவலியோடு வாந்தி, தள்ளாட்டம் வந்தால் காலை வரை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது, அந்த ராத்திரியே கீழே இறக்க வேண்டும். ராத்திரியில் வண்டி வருமா என்பதையும் டூர்காரரிடம் கேட்கும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய_டயர்

மச்சானுக்கு: வாடகை ஒப்பந்தத்தைப் படிக்கச் சொல்லுங்கள். தார் ரோட்டை விட்டு இறங்கினால் இன்சூரன்ஸ் செல்லாது என்று பல கம்பெனிகள் போட்டிருக்கும். ஃபோர் வீல் டிரைவ் ஏறத்தான் உதவும். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பினால் சூடேறிக் கைவிட்டுவிடும், கியரில் பிடித்துத்தான் இறக்கணும். தினம் ஓட்டுகிற உள்ளூர்க்காரருக்கு எந்தத் திருப்பத்தில் மண் இளகும் என்று தெரியும். கிராமம் வரை வேண்டுமானால் மச்சான் ஓட்டட்டும்.

டொராண்டோ_கார்த்தி

ரொம்ப நன்றி. மச்சான் வாயடைத்துவிட்டார். டூர்காரர் இறங்குவதற்கும் வண்டி தருகிறாராம், தனிக் காசு, முன்கூட்டியே சொல்லணும். ஈரமாக இருந்தால் இன்னும் கீழேயே நின்றுவிடுமாம். முந்தின நாட்களை அதித்லான் ஏரியில் கழித்தால் உயரம் பழகுமா? அப்புறம், கேம்பிலிருந்து சாயங்காலம் ஃபுவேகோ முகட்டுக்கே கூட்டிப் போகிறார்களாமே?

மலையேறி_மீனா

அதித்லான் அழகு, ஆனால் அந்த ஏரியும் ஆன்டிகுவாவும் கிட்டத்தட்ட ஒரே உயரம். பழக வேண்டுமென்றால் 2,300 மீட்டரில் இருக்கும் கெட்சால்தெனாங்கோவில் இரண்டு மூன்று ராத்திரி தங்குங்கள். உள்ளூர்க்காரர்கள் ஷேலா என்பார்கள்.

ஃபுவேகோ முகட்டு நடை உங்கள் மனைவிக்கு வேண்டவே வேண்டாம். இரண்டு மலைக்கும் நடுவிலுள்ள கணவாய்க்கு இறங்கி, அந்தப் பக்கம் ஏறி, அதே வழியாக இருட்டில் திரும்பணும். நாலைந்து மணி நேரம். முழங்கால் நன்றாக இருப்பவருக்கும் நான் சொல்ல மாட்டேன். 2018 ஜூன் 3-ம் தேதி அந்த மலையிலிருந்து பாய்ந்த எரிசாம்பல் சான் மிகேல் லோஸ் லோத்தெஸ் கிராமத்தையே மூடியது, நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தார்கள். அது வேறு பக்கச் சரிவுதான், இருந்தாலும் வெடித்துக்கொண்டிருக்கிற வாய்க்குப் பக்கத்தில் போவதில் எனக்கு உடன்பாடில்லை. கிளம்புமுன் இன்சிவுமே என்கிற அரசு நிறுவனத்தின் எரிமலை அறிக்கையைப் பாருங்கள். ஃபுவேகோ சில சமயம் நாள்கணக்கில் சும்மாவும் கிடக்கும், அதற்கு யாரும் காசு திருப்பித் தர மாட்டார்கள்.

விடியற்காலை 3,976 மீட்டர் உச்சிக்கு நீங்கள் போங்கள், அவர் கேம்பிலேயே இருக்கட்டும். ஃபுவேகோ அங்கிருந்தே நேர் எதிரே தெரியும்.

வாடைக்காற்று

ஜனவரி என்பதால் இன்னொன்று. 2017 ஜனவரியில் இதே மலையில் ஆறு பேர் குளிரில் விறைத்து இறந்தார்கள். ராத்திரியில் குளிர் நீர் உறையும் அளவுக்குப் போகும், காற்று அடித்தால் இன்னும் கடுமையாகத் தெரியும். வண்டியில் போகிறோம்தானே என்று மெல்லிய ஜாக்கெட்டோடு போகாதீர்கள். நடக்கிறவருக்கு உடம்பு சூடு இருக்கும், பிக்கப்பில் நிற்பவர்தான் முதலில் நடுங்குவார். கையுறை, குல்லாய், உலர்ந்த ஒரு ஜோடி மாற்று உடுப்பு. பருத்தி பனியன் வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாது.

டொராண்டோ_கார்த்தி

ஷேலாவில் மூன்று ராத்திரி போட்டுவிட்டேன், முன் சீட்டும் சொல்லியாயிற்று. கடைசியாக, நாங்கள் சைவம். மேலே என்ன கிடைக்கும்?

பழைய_டயர்

சோறோ பாஸ்தாவோ, கறுப்பு பீன்ஸ், சோள ரொட்டி, சூடாக சாக்லேட். பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவது அங்கே சகஜம், புக் செய்யும்போதே கேட்டுவிடுங்கள். ஒரு பாட்டில் ஊறுகாயும் கொண்டு போங்கள்.