மயில் பெருகிவிட்டது என்கிறார்கள், எப்படிக் கணக்கிடுவது?

கேள்வி: காங்கயம் விவசாயி
எங்களுக்குக் கொறங்காடும் (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) கிணற்றுத் தோட்டமும் இருக்கின்றன. நிலக்கடலை விதைத்த கையோடு மயில்கள் இறங்கிக் கிளறிவிடுகின்றன. பல மடங்கு பெருகிவிட்டன என்று ஊரே சொல்கிறது. மனுக் கொடுக்கும் முன் எண்ணிப் பார்க்க விரும்புகிறேன். அந்தியில் வெள்வேல மரங்களில் அடையும்போது எண்ணினால், இன்று வரும் எண் நாளை வருவதில்லை. எதை நம்புவது?

பதில்: புள்ளியியல் ஆசிரியை, கோபி
தம்பி, எண்ணிவிட்டுப் பேச வேண்டும் என்று நினைத்தீர்களே, அதற்கே மகிழ்ச்சி. உங்கள் எண்ணில் இருப்பவை கண்ணில் பட்ட மயில்கள் மட்டும். மேகம், காற்று, எண்ணுபவர் கண் எல்லாம் அதை மாற்றும். எத்தனை தப்புகின்றன என்பதை முதலில் பிடியுங்கள்.

இரண்டு பேர் ஒரே நேரத்தில், ஒருவருக்கொருவர் பேசாமல், எந்த மரம் எந்தக் கிளை என்று குறித்து எண்ணட்டும். ஒருவர் 24 கண்டார், மற்றவர் 20, இருவரும் கண்டவை 16 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பட்டியலையும் சேர்த்தால் 28 மயில்கள். ஆனால் மற்றவர் கண்ட 20-இல் 16 முதலாமவர் கண்ணிலும் பட்டன. அதாவது அவர் கண்ணில் படுவது ஐந்தில் நான்கு பங்கு. அப்படியானால் அவர் கண்ட 24-உம் மொத்தத்தில் ஐந்தில் நான்கு பங்குதான். 24-ஐ 20-ஆல் பெருக்கி 16-ஆல் வகுத்தால் மொத்தம் 30 வருகிறது. அதாவது இரண்டு மயில்கள் இருவர் கண்ணுக்குமே தப்பியிருக்கின்றன. சத்தியமங்கலம் காட்டில் கேமராவில் பதியும் வரிகளைக் கொண்டு புலிகளைக் கணக்கிடுவதற்கும் வேர் இதுதான். அடர்ந்த கிளைக்குள் இருப்பவை இருவருக்குமே எளிதில் தெரியாது. ஆகவே 30 என்பதும் குறைவாகவே இருக்கக்கூடும்.

பதில்: பறவை நோக்குபவர், தாராபுரம்
ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் எண்ணுங்கள். அடைகாக்கும் பெட்டை தரையில், கிளுவை வேலி ஓரத்தில் இருக்கும். இரவில் மரத்துக்கு வராது. தோகையைப் பார்த்து ஆண் என்று எழுதுவதும் சரிப்படாது. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் அது உதிர்ந்துவிடும். இளம் ஆணுக்கோ முழுத் தோகை வரச் சில ஆண்டுகள் ஆகும்.

கேள்வி கேட்டவர்
நன்றி அக்கா, நன்றி அண்ணா. மூன்று ஆண்டு எண்ணினால் பெருகும் வேகத்தைச் சொல்லிவிடலாமா?

பதில்: புள்ளியியல் ஆசிரியை, கோபி
தோராயமாகச் சொல்லலாம், பிழை வரம்போடு. பெல்ஜியக் கணித அறிஞர் வெர்ஹுல்ஸ்ட் 1838-இல் தந்த, முதலில் வேகமாக ஏறிப் பிறகு ஓர் எல்லையில் நின்றுவிடும் பெருக்க வளைகோட்டை மூன்று புள்ளிகளில் பொருத்தி, எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் துணியாதீர்கள். அதைவிட, குஞ்சோடு திரியும் பெட்டைகள் எத்தனை, ஒவ்வொன்றின் பின்னாலும் எத்தனை குஞ்சுகள் என்று தனியே எழுதி வையுங்கள். வறட்சியில் பக்கத்து ஊர் மயில்கள் உங்கள் கிணற்றுத் தண்ணீருக்கு வந்திருந்தாலும் எண் கூடும். பிறந்தவை எத்தனை, வந்து சேர்ந்தவை எத்தனை என்று பிரிக்காமல் மனு எழுத வேண்டாம். கேட்க வேண்டிய தீர்வே வேறாகிவிடும்.