புதுப்பிப்பு: காரைக்குடியில் வாங்கிய 'எந்திரன்' கவசம்

போன மாதம் முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடை ஒன்றில், 2010-இல் வந்த 'எந்திரன்' ஷூட்டிங்கில் போட்டது என்று சொல்லித் தந்த வெள்ளி நிற மார்புக் கவசத்தை 4,000 ரூபாய்க்கு வாங்கினதை எழுதியிருந்தேன்.

அது இல்லை.

ப்ளூரேயை ஃப்ரேம் ஃப்ரேமாக நிறுத்திப் பார்த்தேன். வடிவம் ஒத்துப்போவது சாட்சியே இல்லை. ஒரே அச்சில் பத்து வார்க்கலாம். தற்செயலாக விழுந்த கீறல், பெயிண்ட் உதிர்ந்த இடம், இவைதான் கைரேகை. என்னுடையதில் இடது தோளுக்குக் கீழே பிறை மாதிரி ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது. படத்தில் காணோம். பிறகு உடைந்திருக்கலாமே என்று மனசு வக்கீல் வைத்து வாதாடியது.

திருப்பிப் பார்த்தேன். உள்ளே பைபரோடு (கண்ணாடி இழை) ஒட்டிக் கிடந்தது ஒரு நோட்டீஸ் கிழிசல்: 'மாபெரும் ஆடல் பாடல்'. சினிமாவுக்கு இல்லை, ஏதோ திருவிழா மேடை ஆட்டத்துக்கு வார்த்தது போல. அவ்வளவுதான் வழக்கு!

கடைக்காரரிடம் போனேன். "அண்ணே, எனக்குச் சொன்னதைத்தான் உங்களுக்குச் சொன்னேன்" என்று டீ வாங்கிக் கொடுத்தார். பணம் வரவில்லை.

நல்லவேளை, பைபர். ஃபோம் லேடெக்ஸாக (நுரை ரப்பர்) இருந்தால் இந்த ஊர் வெயிலுக்கு எப்போதோ பொடிந்திருக்கும். 'நாம் இருவர்' படத்தை ஏவிஎம் எடுத்த ஊரில் இருந்துகொண்டு நான் ரோபோ தேடுகிறேன், என்னத்தைச் சொல்ல. ஆயா அதை வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) மாட்ட விடவில்லை. இப்போதைக்கு அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கிறது.