டிகிரி முடிக்காமல் மெடிக்கலுக்கு விண்ணப்பிக்கலாமா? (கனடா, ஒன்ராறியோ)

கேள்வி: ஸ்காபரோவில் இருக்கிறேன், லைஃப் சயன்ஸ் மூன்றாம் வருடம். நாலு வருட டிகிரி கையில் இல்லாமல் விண்ணப்பமே போட முடியாது என்று அம்மா பயப்படுகிறா. விதிகள் மாறிக்கொண்டே இருக்கிறதாமே, உண்மையில் என்ன நிலைமை?

பதில் 1: எல்லாப் பல்கலைக்கழகமும் ஒன்றல்ல தங்கச்சி. மக்மாஸ்டரில் மூன்று வருடப் படிப்பு, அதாவது 15 முழுப் பாடங்கள் முடிந்திருந்தால் போதும். ஒட்டாவாவும் மூன்று வருடம்தான் கேட்கிறது. வெஸ்டர்ன் நாலு வருட டிகிரி கேட்கும். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 90 கிரெடிட் (மூன்று வருடப் பாட அளவு), ஆனால் வெளி மாகாணத்தவருக்கு இடம் மிகக் குறைவு.

பதில் 2: தகுதி வேறு, இடம் கிடைப்பது வேறு, இதைச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள்தான் ஏமாறுவார்கள். மக்மாஸ்டர் கோடைப் பாடம் உட்பட எல்லாவற்றையும் ஜிபிஏயில் (சராசரி மதிப்பெண்ணில்) சேர்க்கும், முதல் வருடம் சறுக்கியிருந்தால் அதுவும் வரும். ஒட்டாவா கடைசி வருடத்துக்குத்தான் கூடுதல் எடை கொடுக்கும், உங்களுக்கு எது லாபம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இடம் கிடைக்காவிட்டால் நாலாம் வருடத்தைத் தொடரலாம், அதனால் டிகிரியை விட்டுவிடாதீர்கள்.

பதில் 3: 2026 முதல் ஒன்ராறியோ மெடிக்கல் படிப்பு இடங்களில் 95 சதவீதம் இந்த மாகாணத்தவருக்கே என்று அரசு அறிவித்தது, உங்களுக்கு நல்லதுதான். பழைய பதிவுகளை நம்பாமல் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் இந்த வருடப் பக்கத்தையே பாருங்கள்.

கேட்டவர்: நன்றி அண்ணா, அக்கா. எம்கேட்டுக்கு (மெடிக்கல் நுழைவுத் தேர்வுக்கு) இந்தக் கோடையிலேயே பதிகிறேன்.